மே மாதக் கடைசியில் தி லாக் ஏரிக்கு ஒரு பகல் நடை

மே கடைசி வாரத்தில், அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்து டென்வர் நகரில் அரைக்கைச் சட்டையோடு வெளியே போகலாம். அங்கிருந்து இரண்டு மணி நேர ஓட்டத்தில் இருக்கிறது ராக்கி மலை தேசியப் பூங்கா. அதன் 3,000 மீட்டர் உயரத்துப் பாதைகளில் அதே நாளில் முழங்கால் ஆழத்துக்குப் பனி கிடக்கும். ஜீன்ஸும் சாதா ஷூவுமாக வந்து, பாதி வழியில் கால் நனைந்து, விரல் மரத்து, ஏரியைப் பார்க்காமலே திரும்புகிறவர்கள் அந்த வாரங்களில் நிறையப் பேர். உடம்பில் தெம்பு இல்லாமல் அவர்கள் திரும்புவதில்லை. பனியின் நேரக்கணக்கு அவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை, அவ்வளவுதான்.

அந்தக் கணக்கு இது: இரவில் குளிர் பூஜ்யம் டிகிரிக்குக் கீழே போனால், பனியின் மேல்பரப்பு இறுகி, காலையில் சிமெண்டுத் தரை மாதிரி இருக்கும். வெயில் ஏற ஏற இளகி, 10, 11 மணிக்கு மேல் ஊறவைத்த அவல் மாதிரி ஆகிவிடும். இறுகியிருக்கும்போது ஏறி, முழுக்க இளகுவதற்குள் பெரும்பகுதி இறங்கிவிட வேண்டும். எத்தனை மணிக்கு எழுவது, காலில் என்ன மாட்டுவது, எங்கே திரும்புவது எல்லாமே இதைப் பொறுத்துத்தான்.

எந்த ஏரி, ஏன்

இந்தப் பூங்காவில் ஏரிகளுக்குப் பஞ்சமில்லை. மே 20 முதல் ஜூன் 10 வரையிலான காலத்துக்கு, ஓரளவு நடைப் பழக்கம் உள்ளவர்களுக்கு, தி லாக் ஏரிதான் சரியான அளவு. கிளேசியர் கார்ஜ் தொடக்கப் புள்ளியின் உயரம் 2,816 மீட்டர். ஏரி 3,106 மீட்டர். ஏற்றம் சுமார் 300 மீட்டர்தான். ஒரு வழி 5 கி.மீ., போய்வர 10 கி.மீ. கோடையில் நான்கு மணி நேரத்தில் முடியும் இந்த நடைக்குப் பனி இருக்கும்போது ஆறு மணி நேரம் ஒதுக்குங்கள்.

லாக் என்பது ஸ்காட்லாந்துக்காரர்கள் ஏரிக்குச் சொல்லும் சொல். ஆனால் பெயர் வந்த வழி வேறு. கேன்சஸ் சிட்டியைச் சேர்ந்த லாக் (Locke) என்ற வங்கிக்காரர் பெயரை ஏரிக்கு வைத்த ஏப்னர் ஸ்ப்ரேக் என்ற ஆரம்பகாலக் குடியேறி, எழுத்தை மட்டும் ஸ்காட்டிஷ் முறைக்கு (Loch) மாற்றிவிட்டார். வழியில் வரும் ஆல்பர்ட்டா அருவி ஸ்ப்ரேக்கின் மனைவியின் பெயரைத் தாங்கியது.

இன்னும் சுலபமாக வேண்டுமென்றால் பேர் லேக்கைச் சுற்றி வரலாம். சுமார் 1 கி.மீ., ஏறக்குறைய சமதளம். சிறு பிள்ளைகளும் முதியவர்களும் இருந்தால் அதுவே போதும். அதே இடத்திலிருந்து 1.8 கி.மீ.யில் ட்ரீம் ஏரி, 2.9 கி.மீ.யில் எமரால்ட் ஏரி. அழகில் குறைவில்லை, கூட்டத்திலும் குறைவில்லை.

தி லாக்கைத் தாண்டி ஸ்கை பாண்ட் வரை போகும் ஆசையை இந்தப் பருவத்தில் விட்டுவிடுவது நல்லது. இடையில் டிம்பர்லைன் அருவியின் ஓரமாகப் பாறையில் கை வைத்து ஏற வேண்டிய செங்குத்தான இடம் ஒன்று உண்டு. மே கடைசியில் அது ஐஸ் பூசிக் கிடக்கும். ஐஸ் கோடரியும் அதைப் பிடித்துச் சறுக்கலை நிறுத்தும் பயிற்சியும் இல்லாதவர்களுக்கு அது இடமே இல்லை. ஏறுவதைவிட இறங்குவது பல மடங்கு கடினம் என்பது மேலே போன பிறகுதான் புரியும்.

அனுமதிச் சீட்டும் பார்க்கிங்கும்

மே கடைசியில் வரும் மெமோரியல் டே வார இறுதியை ஒட்டி, பூங்காவில் நேரம் குறித்த நுழைவு முறை தொடங்கி அக்டோபர் நடுப்பகுதி வரை நடக்கிறது. பேர் லேக் சாலைக்குத் தனி வகைச் சீட்டு. காலை 5 மணி முதல் மாலை 6 மணி வரை அந்தச் சாலையில் நுழைய அது வேண்டும். சீட்டில் இரண்டு மணி நேர நுழைவு அவகாசம் இருக்கும். அதற்குள் வாசலைத் தாண்டிவிட்டால் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உள்ளே இருக்கலாம். கட்டணம் 2 டாலர், பூங்கா நுழைவுக் கட்டணம் தனி. மே கடைசிக்கும் ஜூனுக்கும் உரிய சீட்டுகள் மே 1ஆம் தேதி காலை 8 மணிக்கு, மலைப் பகுதி நேரப்படி, ரெக்ரியேஷன் டாட் கவ் தளத்தில் திறக்கும். சனி ஞாயிறு நிமிடங்களில் தீர்ந்துவிடும். ஒரு பங்கை ஒதுக்கி வைத்து, முந்தைய நாள் மாலை 7 மணிக்கு விடுகிறார்கள். தேதியும் மணியும் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதுண்டு. கிளம்பும் முன் பூங்காவின் தளத்தில் ஒருமுறை சரிபாருங்கள்.

சீட்டு கிடைக்கவில்லையா? 5 மணிக்கு முன் வாசலைத் தாண்டினால் அது தேவையில்லை. இந்த நடைக்கு அந்த நேரம் எப்படியும் பொருந்துகிறது. மே கடைசியில் சூரியன் உதிப்பது ஏறக்குறைய 5.35க்கு.

டென்வரிலிருந்து போல்டர், லயன்ஸ் வழியாக எஸ்டெஸ் பார்க் சுமார் 113 கி.மீ., ஒன்றரை மணி நேரம். அங்கிருந்து பீவர் மெடோஸ் வாசல், உள்ளே நுழைந்ததும் இடப்பக்கம் பிரியும் பேர் லேக் சாலை. கிளேசியர் கார்ஜ் பார்க்கிங் சிறியது, விடிவதற்குள் நிரம்பிவிடும். நிரம்பியிருந்தால் சாலையோரத்தில் நிறுத்தாதீர்கள், அபராதம் உறுதி. ஒன்றரைக் கி.மீ. மேலே பேர் லேக் பார்க்கிங் பெரியது. அங்கே நிறுத்திவிட்டு இணைப்புப் பாதையில் சுமார் 700 மீட்டர் இறங்கினால் இந்தப் பாதையில் வந்து சேரலாம். திரும்பும்போது களைத்த காலோடு அந்த 700 மீட்டரை ஏற வேண்டியிருக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள். ஷட்டில் பஸ் ஓடத் தொடங்கியிருந்தால் கீழே பார்க் அண்ட் ரைடில் நிறுத்திவிட்டு அதில் வரலாம்.

நாய்க்கு நடைபாதைகளில் அனுமதி கிடையாது.

உயரம்

தி லாக் கரையில் ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன், கடல் மட்டத்தில் கிடைப்பதில் சுமார் 70 சதவீதம். டென்வரில் வசிப்பவர்களுக்கு (1,609 மீட்டர்) இது பெரிதாகத் தெரியாது. சென்னையிலிருந்து பிள்ளைகளைப் பார்க்க வந்த அப்பா அம்மாவையோ, ஹூஸ்டனிலிருந்து விமானத்தில் இறங்கிய நண்பர்களையோ மறுநாளே இங்கே கூட்டி வந்தால் நிச்சயம் தெரியும். முதல் இரவு டென்வர், இரண்டாம் இரவு எஸ்டெஸ் பார்க் (2,293 மீட்டர்), மூன்றாம் நாள் நடை என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலானவர்களுக்குச் சரியாக இருக்கும். இதய நோயோ நுரையீரல் நோயோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் ஏறக் கூடாது.

தலைவலி, குமட்டல், பசியின்மை, தலைசுற்றல் இவைதான் முதல் அடையாளங்கள். வெறும் தலைவலி என்றால் நின்று, தண்ணீர் குடித்து, ஏதாவது சாப்பிட்டு, அரை மணி நேரம் பாருங்கள். குறையவில்லை என்றாலோ, கூடவே வாந்தி வந்தாலோ திரும்பிவிடுங்கள். 300 மீட்டர் இறங்கினாலே பலருக்குத் தெளிந்துவிடும். நிற்கும்போதும் மூச்சு வாங்குகிறது, நேர்க்கோட்டில் நடக்க முடியவில்லை, பேச்சு குழறுகிறது என்றால் அது அவசர நிலை. உடனே இறக்க வேண்டும்.

நடக்கும் வேகத்துக்கு ஒரு அளவுகோல் சொல்லலாம். பக்கத்தில் வருபவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் வேகம் அதிகம்.

காலில் மாட்டுவது

இந்தப் பருவத்தில் மிக முக்கியமான பொருள் மைக்ரோஸ்பைக். ஷூவின் மேல் இழுத்து மாட்டும் ரப்பர் வளையம், அதன் அடியில் சங்கிலி, சங்கிலியில் ஒரு காலுக்குப் பன்னிரண்டு போல, ஒரு செ.மீ. நீள எஃகு ஆணிகள். எஸ்டெஸ் பார்க் கடைகளில் நாள் வாடகைக்குக் கிடைக்கும். சுருள் கம்பி சுற்றிய வகையைக் கொடுத்தால் வாங்காதீர்கள். அது வீட்டு வாசல் ஐஸுக்குச் சரி, சரிவில் பிடிக்காது.

மாட்டும் முறை: முன்பக்கம் என்று குறியிட்ட பகுதியில் ஷூவின் நுனியை முதலில் நுழைத்து, பின்பக்க ரப்பரைக் குதிகாலுக்கு மேல் இழுத்துவிடுங்கள். பிறகு காலைத் தூக்கி அடியில் பாருங்கள். ஆணிகள் பாதத்தின் நடுவில் சமமாக அமைந்திருக்க வேண்டும். ஒரு பக்கம் இழுபட்டிருந்தால் அளவு தவறு. வாடகைக் கடையிலேயே உங்கள் ஷூவில் மாட்டிப் பார்த்துவிடுங்கள். கை விரைத்திருக்கும்போது, பனியில் ஒற்றைக் காலில் நின்றுகொண்டு இதைக் கற்றுக்கொள்வது கொடுமை. சங்கிலி அறுந்தால் தற்காலிகமாகக் கட்ட நாலு பிளாஸ்டிக் டை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஷூ கணுக்காலை மூடும் உயரத்தில், தண்ணீர் புகாததாக இருக்கட்டும். கம்பளி சாக்ஸ் இரண்டு ஜோடி, ஒன்று காலில், ஒன்று பிளாஸ்டிக் பையில் சுற்றிப் பைக்குள். முழங்காலுக்குக் கீழே மூடும் கெய்ட்டர் இருந்தால் பனி ஷூவுக்குள் விழாது. ஊன்றுகோல் இரண்டு, அடியில் அகலமான பனி வளையம் போட்டது. வளையம் இல்லாத கோல் பனிக்குள் கைப்பிடி வரை இறங்கிவிடும்.

உடையில் ஒரே விதி: பருத்தி வேண்டாம். ஜீன்ஸ் நனைந்தால் அன்று முழுதும் காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். உள்ளே கம்பளி அல்லது பாலியஸ்டர் பனியன், அதன் மேல் ஃபிளீஸ், எல்லாவற்றுக்கும் மேல் மழை புகாத ஜாக்கெட். பேன்ட் சீக்கிரம் காயும் நைலான். மெல்லிய கையுறை ஒன்று, தடித்தது ஒன்று, காதை மூடும் தொப்பி. கிளம்பும்போது கொஞ்சம் குளிர வேண்டும். பத்து நிமிடத்தில் சூடாகிவிடும். கிளம்பும்போதே கதகதப்பாக இருந்தால் அரை மணி நேரத்தில் வியர்த்து, நின்றதும் நடுங்குவீர்கள்.

கறுப்புக் கண்ணாடி கட்டாயம். புதுப் பனி, விழும் புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும். கண்ணாடி இல்லாமல் நாலைந்து மணி நேரம் நடந்தால் இரவில் கண்ணில் மணல் போட்டதுபோல் எரியும். சன்ஸ்கிரீனை மூக்கின் அடியிலும், தாடைக்குக் கீழும், காது மடலிலும் தடவுங்கள். வெயில் கீழிருந்தும் அடிக்கிறது. நம் தோல் நிறம் இதற்குக் காப்பு என்று நினைக்க வேண்டாம்.

பையில் இவையும் இருக்கட்டும்: தலைவிளக்கு, முதலுதவிப் பொருள்கள், விசில், முன்பே பதிவிறக்கிய வரைபடம், கூடுதல் பேட்டரி. வழியில் பெரும்பாலும் சிக்னல் இருக்காது. போனை உள்சட்டைப் பையில் வையுங்கள். குளிரில் பேட்டரி வேகமாக இறங்கும்.

சாப்பாடு

ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர் குறைந்தபட்சம். குளிரில் தாகம் தெரியாது, ஆனால் வறண்ட காற்றில் மூச்சு வழியாகவே நீர் போய்க்கொண்டிருக்கும். அரை மணிக்கு ஒருமுறை நாலு வாய் குடிப்பதை வழக்கமாக்குங்கள். ஓடை நீர் பளிங்கு மாதிரி இருந்தாலும் ஜியார்டியா கிருமி இருக்கலாம். வடிகட்டியோ கொதிக்கவைத்தோதான் குடிக்க வேண்டும்.

எலுமிச்சை சாதமும் புளிசாதமும் வீட்டில் சுவைதான், ஆனால் 5 டிகிரி குளிரில் விறைத்து, தொண்டையில் இறங்க மறுக்கும். எண்ணெய் கொஞ்சம் கூடுதலாக விட்டுச் சுட்ட சப்பாத்திக்குள் உருளைக்கிழங்குப் பொரியலைச் சுருட்டி அலுமினியத் தாளில் சுற்றினால் கையுறையோடே சாப்பிடலாம். கடலைமிட்டாய், பேரீச்சை, முந்திரி இவற்றைப் பையின் இடுப்புப் பட்டைப் பாக்கெட்டில் வைத்து, நின்று பிரிக்காமல் நடந்துகொண்டே சாப்பிடுங்கள். கடலைமிட்டாய் குளிரில் கல்லாகும். வீட்டிலேயே சின்னத் துண்டாக உடைத்து எடுத்துவாருங்கள். ஒரு பிளாஸ்க்கில் சுடச்சுட மிளகு ரசமோ சுக்குக் காபியோ இருந்தால், ஏரிக்கரைக் காற்றில் அதன் மதிப்பு தெரியும்.

முந்தைய மாலை பார்க்க வேண்டியவை

மூன்று விஷயம். ஒன்று, மலை உயரத்துக்கான வானிலை முன்னறிவிப்பு. எஸ்டெஸ் பார்க் ஊரின் முன்னறிவிப்பைப் பார்த்தால் சுமார் 5 டிகிரி கழித்துக்கொள்ளுங்கள். இரண்டு, இரவில் பூஜ்யத்துக்குக் கீழே போகுமா என்பது. மேகமூட்டமான, வெதுவெதுப்பான இரவு என்றால் பனி இறுகாது. விடியற்காலையிலேயே கால் புதையும், அப்படிப்பட்ட நாளில் பயணத்தைத் தள்ளிப்போடுவதே புத்திசாலித்தனம். மூன்று, புதுப் பனி விழுந்திருக்கிறதா. மே மாதத்திலும் ஒரே இரவில் ஓரடி விழும். அதன்மேல் மறுநாள் சுள்ளென்று வெயில் அடித்தால் செங்குத்துச் சரிவுகளில் ஈரப் பனி சரியும். கொலராடோ பனிச்சரிவுத் தகவல் மையத்தின் அறிவிப்பைப் பாருங்கள்.

எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்பதை ஊரில் இருக்கும் ஒருவரிடம் எழுதிக் கொடுங்கள். "மாலை 4 வரை தகவல் இல்லையென்றால் 911ஐ அழை" என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

பாதை

காலை 6 மணிக்குள் நடக்கத் தொடங்குங்கள். கழிப்பறை தொடக்கப் புள்ளியில் இருக்கிறது; பயன்படுத்திவிட்டே கிளம்புங்கள்.

முதல் 1.3 கி.மீ. ஆல்பர்ட்டா அருவி வரை. சிறிது தூரத்தில் பேர் லேக்கிலிருந்து வரும் பாதை வந்து சேரும், இடப்பக்கம் திரும்புங்கள். ஆஸ்பென் மரங்கள் அப்போதுதான் துளிர்விட்டு நிற்கும். இந்தப் பகுதியில் மண்ணும் சேறும் ஐஸும் மாறி மாறி வரும். சேற்றை ஒதுக்கிப் பக்கத்துப் புல்லில் நடக்காதீர்கள். நனைந்த மண்ணில் ஒரு ஆள் விட்ட தடத்தை அடுத்த நூறு பேர் புதுப் பாதையாக்கிவிடுவார்கள். சேற்றின் நடுவிலேயே நடங்கள், அதற்குத்தான் அந்த ஷூ. அருவி 9 மீட்டர் போலத்தான் உயரம். பனி உருகும் காலமாதலால் சத்தம் மட்டும் அதைவிடப் பெரிய அருவியின் சத்தம். ஓரப் பாறைகள் ஈரத்தில் வழுக்கும். படம் எடுக்க நுனிக்குப் போகாதீர்கள்.

அருவிக்கு முன்பே வலப்பக்கம் ஓடைப் பள்ளத்துக்குள் சில காலடித் தடங்கள் பிரிந்து போகும். அது குளிர்காலக் குறுக்குவழி. ஜனவரியில் எல்லாரும் அதில்தான் போவார்கள், அப்போது அது பாதுகாப்பானது. மே கடைசியில் அந்தப் பனிக்கு அடியில் ஓடை ஓடிக்கொண்டிருக்கும். மேலே வெள்ளையாகத் தெரிவது பல இடங்களில் இரண்டு கை கனமுள்ள கூரை மட்டும். கீழிருந்து சலசலப்புக் கேட்டால் அந்த இடத்தில் நிற்கவே கூடாது. கோடைப் பாதையிலேயே போங்கள், தூரம் கூடினாலும்.

அருவி தாண்டியதும் மரங்கள் விலகி வெயில் படும். 2.5 கி.மீ.யில் நார்த் லாங்ஸ் பீக் பாதை இடப்பக்கம் பிரியும், நீங்கள் வலப்பக்கம். இதற்குப் பிறகு நிழல் விழும் குறுகலான பகுதி வரும். வெயில் படாததால் ஐஸ் விடாது. முதல் ஐஸ் கண்ணில் பட்டதுமே, வழுக்கி விழுவதற்கு முன், மைக்ரோஸ்பைக்கை மாட்டிவிடுங்கள். 'இன்னும் கொஞ்ச தூரம் பார்க்கலாம்' என்று தள்ளிப்போடுவதில்தான் மணிக்கட்டு முறிகிறது.

3.3 கி.மீ.யில் மூன்று பாதைகள் பிரியும் சந்தி. இடப்பக்கம் மில்ஸ் ஏரி, வலப்பக்கம் ஹையாஹா ஏரி, நடுவில் தி லாக். பலகையைப் படித்துவிட்டு, வரைபடத்தில் உங்கள் புள்ளியையும் சரிபாருங்கள். பனியில் காலடித் தடங்கள் எல்லாத் திசையிலும் இருக்கும். தடத்தை நம்பிப் போனவர் தவறான ஏரிக்குப் போய்ச்சேர்வது இங்கே சகஜம். இந்த இடத்தில் மணி 8.30 தாண்டியிருந்தாலோ, பனி இப்போதே இளகிக் கால் புதைந்தாலோ, மில்ஸ் ஏரிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். இங்கிருந்து அது ஒரு கி.மீ.க்குச் சற்று அதிகம், ஏற்றமும் குறைவு. 1915இல் இந்தப் பூங்கா உருவாவதற்காக ஓயாமல் உழைத்த ஈனோஸ் மில்ஸின் பெயர் அதற்கு. மாற்றுத் திட்டம் என்று மனம் சுருங்க வேண்டியதில்லை. லாங்ஸ் சிகரம் தலைக்கு மேல் நிற்கும் அருமையான இடம்.

சந்தியிலிருந்து தி லாக் வரையிலான ஒன்றரைக் கி.மீ.தான் உண்மையான ஏற்றம். ஐஸி புரூக் ஓடை பக்கத்துப் பள்ளத்தில் இரைய, பாதை கொண்டை ஊசி வளைவுகளாக மேலேறும். பனியில் வளைவுகள் மறைந்திருக்கும். இங்கேயும் ஓடைப் பள்ளத்தின் வழியே நேராக ஏறும் குளிர்காலத் தடம் தெரியும். முன்பு சொன்ன அதே காரணத்துக்காக அதைத் தவிருங்கள்.

பனியில் கால் வைக்கும் விதம்

குளிர்காலம் முழுக்க மிதிபட்டு இறுகிய பனி, பாதையின் நடுவில் ஒரு வரப்பு மாதிரி உயர்ந்து நிற்கும். இரு பக்கமும் மிதிபடாத பஞ்சுப் பனி. வயல் வரப்பில் நடப்பதுபோல நடுவிலேயே நடங்கள். ஓரத்தில் ஒரு கால் வைத்தால் தொடை வரை இறங்கும். எதிரே ஆள் வந்தால், இறங்குபவரை நிற்கச் சொல்லி, கெட்டியான இடமாகப் பார்த்து ஒதுங்குங்கள்.

ஏறும்போது ஷூவின் நுனியால் பனியை இரண்டு முறை உதைத்துப் படி செய்து, அதில் எடையை மாற்றுங்கள். பாதம் முழுவதும் படிந்தால்தான் எல்லா ஆணியும் பிடிக்கும். குறுக்குச் சரிவில் மேட்டுப் பக்கக் கோலைக் குட்டையாகப் பிடியுங்கள்.

மரத்தடியிலும் பெரிய பாறையின் ஓரத்திலும் பனி உள்ளே குடைந்து வெற்றிடமாக இருக்கும். அவை பகலில் சூடாகித் தம்மைச் சுற்றியுள்ள பனியை உருக்குவதால் வருவது அது. ஒரு கை நீளமாவது தள்ளி நடங்கள். கால் புதைந்துவிட்டால் வெடுக்கென்று இழுக்காதீர்கள், முழங்கால் திருகிக்கொள்ளும். உட்கார்ந்து, கையால் பனியைத் தோண்டி, காலைத் தளர்த்தி எடுங்கள்.

10 மணிக்கு மேல் ஈரப் பனி மைக்ரோஸ்பைக்கின் அடியில் கொழுக்கட்டை மாதிரி உருண்டு ஒட்டும். ஆணி மூடிப்போய், வழுக்கும் மேடை ஒன்று காலுக்கடியில் வந்துவிடும். நாலைந்து அடிக்கு ஒருமுறை ஊன்றுகோலால் ஷூவின் பக்கவாட்டில் தட்டி உதிருங்கள்.

ஏரிக்கரை

பாதை ஏரியின் வெளிவாய்ப் பக்கம் கொண்டுபோய் விடும். எதிரே கதீட்ரல் பாறைச்சுவரும் டெய்லர் சிகரமும், அதற்கு அடியில் பனிப்படுகையும். மே கடைசியில் ஏரி பாதி உறைந்தும் பாதி திறந்தும் இருக்கும். கரையோரம் ஒரு சாண் அகலத்துக்குக் கறுப்பாகத் தண்ணீர், அதன் பிறகு பழுத்துச் சாம்பல் நிறமான ஐஸ். கூர்ந்து பார்த்தால் அந்த ஐஸ் மெழுகுவர்த்திகளை அடுக்கி வைத்ததுபோல் நெட்டுநெட்டாகப் பிரிந்திருப்பது தெரியும். கனமாகத்தான் இருக்கும், ஆனால் குச்சிக்குக் குச்சி பிடிப்பு போயிருக்கும். ஆள் எடையைத் தாங்காது. தண்ணீர் நுழையும் வாயும் வெளியேறும் வாயும்தான் முதலில் உருகும் இடங்கள், நீங்கள் நிற்பதோ வெளிவாயில். யாருடைய காலடித் தடம் ஐஸின் மேல் தெரிந்தாலும் சரி, அதில் கால் வைக்காதீர்கள். பூஜ்யத்தை ஒட்டிய தண்ணீரில் விழுந்தால் முதல் நிமிடத்தில் மூச்சே திணறும்.

வலப்பக்கக் கரையில் பாதை தொடரும். காற்று மறைவான பாறை ஒன்றைத் தேடி உட்காருங்கள். உட்காரும் முன்பே ஃபிளீஸையும் ஜாக்கெட்டையும் போட்டுவிட வேண்டும்; நடுங்கத் தொடங்கிய பிறகு போட்டால் சூடேற நேரமாகும். ஈரமான சாக்ஸை இங்கே மாற்றுங்கள்.

கிளார்க் நட்கிராக்கர் பறவைகளும் சாம்பல் ஜே பறவைகளும் கையிலிருந்தே உணவைப் பறிக்கும். எதையும் கொடுக்காதீர்கள், சிந்திய பருக்கையையும் பொறுக்கிவிடுங்கள். ஏரிக்கு மேலே உள்ள லாக் வேல் பள்ளத்தாக்கில் 1980களின் தொடக்கத்திலிருந்து மழை, பனி, ஓடை நீரை விஞ்ஞானிகள் விடாமல் அளந்து வருகிறார்கள். சமவெளியின் வாகனப் புகையிலிருந்தும் வயல் உரத்திலிருந்தும் கால்நடைப் பண்ணைகளிலிருந்தும் எழும் நைட்ரஜன் காற்றில் ஏறி இவ்வளவு உயரத்து நீரையும் மாற்றுவதை இங்கேதான் கண்டறிந்தார்கள். கருவிகளோ குறிக்கொடிகளோ கண்ணில் பட்டால் தொடாமல் விலகிப் போங்கள்.

கழிவு விஷயத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுவோம். தண்ணீரிலிருந்தும் பாதையிலிருந்தும் 60 மீட்டர் தள்ளி, ஒரு சாண் குழி தோண்டிப் புதைக்க வேண்டும் என்பது கோடை விதி. பனியில் புதைத்தால் ஜூனில் உருகி எல்லாம் மேலே வரும், ஏரிக்குள் போகும். அதனால் மூடிக் கட்டும் கழிவுப் பையில் எடுத்துக்கொண்டு கீழே வாருங்கள்.

ஏரியில் 9 மணிக்கு இருந்தால் 10 மணிக்குக் கிளம்பிவிடுங்கள். எங்கே இருந்தாலும் 10.30 என்பது திரும்பும் நேரம் என்று புறப்படும்போதே எல்லாரும் ஒத்துக்கொள்ளுங்கள். ஏரி 200 மீட்டரில் இருக்கிறது என்று யாராவது சொன்னாலும் சரி.

இறக்கமும் பிற்பகலும்

இறக்கத்தில்தான் அதிகம் பேர் விழுகிறார்கள். முழங்காலை லேசாக மடக்கி, குதிகாலைப் பனியில் அழுத்தி, எடையை முன்பக்கம் வைத்து நடங்கள். பின்னால் சாய்ந்தால் கால் முன்னே சறுக்கி இடுப்பில் விழுவீர்கள். மைக்ரோஸ்பைக்கோடு உட்கார்ந்து சறுக்க வேண்டாம். பிள்ளைகளுக்கு ஆசையாக இருக்கும், ஆனால் ஒரு ஆணி பனியில் மாட்டினால் உடம்பு போகும், கால் நிற்கும், கணுக்கால் முறியும்.

நண்பகலுக்குப் பிறகு மேகம் திரண்டு இடி, ஆலங்கட்டி, சில நாள் பனியே கொட்டும். முதல் இடி கேட்டதும் ஏரிக்கரையையும் தனி மரத்தையும் விட்டு விலகி, ஒரே உயரமுள்ள மரங்களுக்கு இடையே இறங்குங்கள். ஆளுக்கு ஆள் 15 மீட்டராவது இடைவெளி விடுங்கள்.

கூட வருபவர் தடுமாறுகிறார், ஜாக்கெட் ஜிப்பை மூட முடியவில்லை, கேட்டதற்கு முணுமுணுக்கிறார் என்றால் உடம்புச் சூடு இறங்குகிறது. நிறுத்தி, ஈர உடையைக் கழற்றி, உலர்ந்ததைப் போட்டு, சூடான இனிப்பான எதையாவது குடிக்கக் கொடுத்து, நடக்க வைத்துக் கீழே கொண்டுவாருங்கள்.

மே கடைசியும் ஜூன் தொடக்கமும் எல்க் மான்கள் கன்று ஈனும் காலம். புதரில் கன்றை மறைத்து வைத்துவிட்டுத் தாய் பக்கத்திலேயே நிற்கும். கிட்டப் போனால் முன்னங்காலால் அடிக்க வரும். எல்க்கிடமிருந்து 23 மீட்டர், மூஸ் என்னும் பெரிய மானிடமிருந்தும் கரடியிடமிருந்தும் 36 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்பது பூங்காவின் விதி. மூஸ் காதைப் பின்னுக்கு மடக்கிப் பிடரி மயிரைச் சிலிர்த்தால் ஓடிப்போய்ப் பெரிய மரத்துக்குப் பின்னால் நில்லுங்கள்.

காருக்கு வந்ததும் கணுக்கால், முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள், தலைமயிர் ஓரம் எல்லாம் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். இந்தப் பருவத்தில் கீழ்ப்பகுதிப் புல்லிலும் புதரிலும் அவை அதிகம், கொலராடோ உண்ணிக் காய்ச்சலைக் கொண்டுவருபவை. கடித்திருந்தால் கூர்முனை இடுக்கியால் தோலை ஒட்டித் தலைப்பக்கத்தைப் பிடித்து, திருகாமல், மெதுவாக நேராக இழுங்கள். எண்ணெய் விடுவது, தீக்குச்சி வைப்பது எதுவும் வேண்டாம். இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் உண்ணி கடித்ததைச் சொல்லுங்கள். மைக்ரோஸ்பைக் உங்களுடையது என்றால் வீட்டில் கழுவி, துடைத்து, காற்றில் உலர்த்திய பிறகே பையில் போடுங்கள். ஈரத்தோடு மூடி வைத்தால் அடுத்த மே மாதத்துக்குள் சங்கிலி துருப்பிடித்துவிடும்.